வாலைப் பிடித்தவர்

என் அத்தானுக்கு இந்த உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவரும் வெளி ஆள் இல்லை, என் தங்கையின் புருஷன்தான். அக்காவைக் கட்டியவருக்கும் தங்கையைக் கட்டியவருக்கும் நடுவில் மச்சானாகப் பிறந்து தொலைத்தவன் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது வாசித்து முடித்தபின் ஓய்வு உண்டு.

அத்தானுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் வடித்து, ரோஸ் நிறத்தில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீளமான மேசை. அதில் ஒரு பாதியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். மறுபாதியில் எப்போதும் ஒரு விமானம் இருக்கும்.

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்தைப் பொம்மை என்று சொல்பவர்களோடு அத்தான் அதற்குப் பிறகு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். நிஜ விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு அளவையும் நாலில் ஒரு பங்காகக் குறைத்து, லேசான பால்சா மரத்தில் விலா எலும்பு போல ஒவ்வொன்றாக அறுத்து ஒட்டி, மேலே துணி போர்த்தி, வர்ணம் பூசுவார். நிஜத்தில் எண்ணெய் வழிந்த இடத்தில் இதிலும் எண்ணெய்க்கறை இருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிக்குப் பல்கூட வைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டிருக்கும் பொம்மைக்குப் பல் எதற்கு என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?" என்றார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கல்யாணத்துக்கு முன்பாம். ஊருக்கு வெளியே ஒரு டாக்டருக்குப் பல்செட் கொடுத்துவிட்டு சைக்கிளில் திரும்பும்போது, புல்வெளியில் யாரோ ஒருவர் சின்ன விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தானைப் பிடித்து நிறுத்தியது விமானம் இல்லை, அதன் சத்தம். அதில் இருந்தது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். சாதாரண டூ ஸ்ட்ரோக் எஞ்சின் காதுக்குள் கொசு புகுந்தது போலக் கத்தும். ஃபோர் ஸ்ட்ரோக் கத்தாது. பெரிய விமானம் எங்கோ தூரத்தில் போவது போல அடித்தொண்டையில் பேசும். வேகத்தைக் குறைத்தால் டுப் டுப் என்று ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்கலாம். "அப்பவே முடிவு பண்ணிட்டேன், வாங்கினா இதுதான்" என்பார். எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை துவைக்கப்போடும் சட்டையெல்லாம் விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். அக்கா அந்த வாடையோடு குடும்பம் நடத்தி, பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, கட்டியும் கொடுத்துவிட்டாள்.

நான் திரைச்சீலை தைத்து வீடு வீடாக மாட்டுகிறவன். ஞாயிறு காலையில் மைதானத்துக்கு அத்தானோடு போய், எரிபொருள் பாட்டிலும் ஸ்டார்ட்டர் பெட்டியும் சுமப்பது என் வேலை. சம்பளம் ஒரு டீ.

அத்தான் கட்டுவதில் சூரர். வானத்தில் ஓட்டுவதிலும் குறை சொல்ல முடியாது. இறக்குவதுதான் அவருக்கு வராது. தரைக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. அழகாக வட்டமடித்து வந்த விமானம் தரையைக் கண்டதும் குதிக்கும், மறுபடி குதிக்கும், கடைசியில் ஒரு சக்கரத்தின் காலை ஒடித்துக்கொண்டு மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் காற்று கோணல், புல் கோணல், சில நாள் சூரியன்கூடக் கோணல்.

ஆனாலும் மைதானத்தில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒருவர் பின்னால் மண்டியிட்டு வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் ரிமோட்டை அசைத்துக்கொண்டே "இடது, வலது, மேலே, கீழே" என்று சத்தமாகச் சொல்வார். பின்னால் இருப்பவர் இறக்கையிலும் வாலிலும் இருக்கும் மடல்கள் அவர் சொன்ன பக்கம்தான் அசைகின்றனவா என்று பார்ப்பார். எல்லாம் சரியென்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வாலை விடுவார். ஏதாவது தப்பென்றால் விடவே மாட்டார். வாலைப் பிடிக்க எல்லோரும் கூப்பிடுவது அத்தானைத்தான். பல்லுக்குப் பல் கடிபடும் இடத்தில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. அவர் விரலைத் தூக்கிவிட்டால் அப்புறம் யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

இப்படி இருந்த மனுஷன் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை, அதாவது என் தங்கை புருஷனை, மைதானத்துக்குக் கூட்டிவந்தது அத்தானேதான். தன் விமானத்தைச் சகலைக்குக் காட்டிப் பெருமைப்பட வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை டவுன் பஸ் டிரைவர். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸை, நிற்கிற கிழவிகூடக் கம்பியைப் பிடிக்க வேண்டாத மாதிரி ஓட்டுகிற கை. எதற்கும் சிரிப்பார். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார், அதில் ஒன்றுகூடச் சொத்தை கிடையாது. அத்தானுக்கு அதிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அன்று யாரோ பழகுகிறவர்களுக்கான விமானம் ஒன்றை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒயர் போட்டு இரண்டு ரிமோட்டை இணைத்து, தப்பு செய்தால் ஓட்டத்தைத் தாங்கள் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் நின்றார்கள். வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. சில வாரத்தில் மாப்பிள்ளை தனியாக ஓட்டினார். அப்புறம் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த ரெடிமேட் விமானம் ஒன்றை வாங்கிவந்தார். பெட்டியைப் பிரித்து, நாலு திருகாணி முறுக்கினால் பறக்கத் தயார். அதைக் கொண்டுவந்து அவர் இறக்கிய இறக்கம் இருக்கிறதே, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி. மைதானம் முழுக்கக் கைதட்டியது. இறக்கிவிட்டு மாப்பிள்ளை மற்றவர்களைப் பார்க்கவில்லை. அத்தானைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அத்தான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அத்தானின் ஞாயிற்றுக்கிழமை கெட்டது. "காசு குடுத்து வாங்கினது. இதுல என்ன பெருமை?" என்பார். "சகலைக்குக் காத்து தோதா அமையுதுப்பா" என்பார். மாப்பிள்ளை விமானம் மேலே இருக்கும்போது இவர் வானத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் காது அங்கேயே இருக்கும். அந்த எஞ்சினின் சத்தம் தன்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். திட்டுகிற தொனியில்தான் சொன்னார்.

வெளியூரில் இருக்கும் அவர் பெண் ஒருநாள் போன் செய்தாள். நானும் பட்டறையில் இருந்தேன். "அப்பா, சித்தப்பா பிளேன் ஓட்டுறாராமே? வீடியோ எடுத்து அனுப்புங்கப்பா!"

போனை வைத்துவிட்டு அத்தான் கொஞ்ச நேரம் ஒரு தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இவ பொறக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டுறேன்டா. ஒரு நாள் கேட்டிருப்பாளா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அக்காவோ, வலிக்கும் என்று தெரியாமலே குத்துவதில் கைதேர்ந்தவள். சாப்பிட உட்கார்ந்தால், "சின்னவர் இறக்குறப்ப ஒரு துரும்பு அசையலைங்க. நீங்களும் அப்படி மெதுவா விட்டா என்ன?" என்பாள். அத்தான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவுவார்.

ஆண்டுப் போட்டி நெருங்கியது. பாதி மதிப்பெண் விமானத்தின் தோற்றத்துக்கு, பாதி பறப்பதற்கு. தோற்றத்தில் அத்தானை யாரும் நெருங்க முடியாது. பறப்பதில், குறிப்பாக இறக்குவதில், வருடா வருடம் கோட்டை விடுவார். இந்த வருடம் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று இரண்டடுக்கு இறக்கை விமானம் ஒன்றை ராப்பகலாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு காலை, கிளப் செயலாளர் அவர் தோளில் கை போட்டு நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"பேசாம உங்க பிளேனை உங்க சகலை கையில குடுத்துடுங்க சார். நீங்க கட்டுங்க, அவர் ஓட்டட்டும். பரிசு வேற யாருக்கும் போகாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அன்று எங்களோடு வந்திருந்த அக்கா, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே.

அத்தான் இஞ்சி தின்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கூப்பிட்டார்: "அண்ணே, கொஞ்சம் வால் புடிக்கிறீங்களா?"

இதற்கப்புறம் நடந்தது அத்தானே பிற்பாடு வாய்விட்டுச் சொன்னது. அன்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையிடம் இரண்டு விமானங்கள் இருந்தன, பழகுகிற விமானம் ஒன்று, ரெடிமேட் ஒன்று. ரிமோட் ஒன்றுதான். அதற்குள் இரண்டு விமானத்துக்கும் தனித்தனிப் பெயரும், அதனதன் மடல் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்பதும் பதிந்திருக்கும்; பெயர் மாறினால் மடலும் மாறி அசையும். எதை ஓட்டுகிறோமோ அந்தப் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அன்று அவர் முதலில் பழகுகிற விமானத்தை ஓட்டிவிட்டு, அப்படியே ரெடிமேடை எடுத்துவிட்டார். பெயரை மாற்ற மறந்துவிட்டார். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்கிற தப்பு. வாலைப் பிடிக்கிற ஆள் வேண்டும் என்ற வழக்கமே இதற்காகத்தான்.

எஞ்சின் டுப் டுப் என்று ஓடியது. அத்தான் மண்டியிட்டு வாலைப் பிடித்தார். மாப்பிள்ளை "இடது" என்றார். இறக்கை மடல் வலதுக்கு அசைந்தது. "வலது" என்றார். இடதுக்கு அசைந்தது. "மேலே, கீழே" இரண்டும் சரியாக இருந்தன.

அத்தான் பார்த்தார். வாயைத் திறக்க வேண்டும், அல்லது கையை விடாமல் இருந்தால் போதும். வாலைப் பிடித்த கை உடனே விடவில்லை. அது எனக்கே தெரிந்தது, ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கட்டைவிரலைத் தூக்கினார். வாலை விட்டார்.

விமானம் ஓடி எழும்பியது. காற்று ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தது. மாப்பிள்ளை நிமிர்த்தப் பார்த்தார், அது இன்னும் சாய்ந்தது. இன்னும் நிமிர்த்தினார், இன்னும் சாய்ந்தது. தலைகீழாகப் புரண்டு தரையில் மோதிய சத்தம் மைதானத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. துண்டுகளைப் பொறுக்கப் போன மாப்பிள்ளைதான் ரிமோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பேரை மாத்தலைண்ணே! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

"அப்படின்னா மடல் மாறித்தானே ஆடியிருக்கும், வால் புடிச்சவர் பாக்கலையா?" என்று செயலாளர் குழப்பமாகக் கேட்டார். மாப்பிள்ளை அவரை முடிக்க விடவில்லை. "அண்ணன் மேல தப்பு இருக்காது சார். நான்தான் அவசரத்துல தாறுமாறா ஆட்டிட்டேன். அவர் என்ன பண்ணுவார்?"

அத்தான் நொறுங்கிய இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் அவர் வயிறாரச் சாப்பிட்டார். அடுத்த வாரமும் நன்றாகத்தான் இருந்தார். மாப்பிள்ளை மைதானத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் பட்டறைக்கு வந்தார், கையில் பழந்துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் அந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். மண்ணைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்.

"இதுக்கு ஒண்ணும் ஆகலைண்ணே. போட்டிக்கு உங்க பிளேன்ல இதைப் போட்டுக்கங்க. எனக்கு இனிமே எதுக்கு? நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

"சரிப்பட்டு வராதுன்னா?"

"என் கையை நம்ப முடியலண்ணே" என்று சொல்லிச் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

அத்தானுக்கு வாங்கவும் கூசியது, விடவும் மனசில்லை. அவருடைய பழைய எஞ்சினில் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. அடுத்த நாள் இந்த எஞ்சினை மேசையில் வைத்து, மெல்லிய தகடு நுழைத்து வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ஒழுங்கா வச்சிருக்கான்" என்று எரிச்சலோடு முணுமுணுத்தார். பொறாமைப்படுவதற்கு அந்த ஆள் இப்போது மைதானத்திலேயே இல்லை. அப்படியும் இந்த மனுஷனுக்கு அது அடங்கவில்லை.

போட்டி நாளன்று அத்தானின் இரண்டடுக்கு விமானத்தைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி கூட்டம். நடுவர்கள் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். தோற்றத்தில் முதலிடம். இனி ஏற்றி, ஒரு வட்டம் அடித்து, ஏதோ ஒரு மாதிரி தரையில் வைத்தால் போதும், பரிசு அவருக்குத்தான். வாழ்நாள் ஆசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாப்பிள்ளையும் வந்திருந்தார். அக்கா வற்புறுத்திக் கூட்டிவந்திருந்தாள்.

"வால் புடிக்க யாரு?" என்றார் செயலாளர்.

"நான் புடிக்கிறேன்" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

அத்தான் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஒன்றும் இல்லை. எஞ்சினை நான் ஸ்டார்ட் செய்தேன். மாப்பிள்ளை மண்டியிட்டு வாலைப் பிடித்தார். அத்தான் "இடது, வலது, மேலே, கீழே" என்றார். மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கினார்.

அத்தான் அசையவில்லை. "நல்லா பாத்தியா சகலை?" என்று கத்தினார்.

"பாத்தேண்ணே. சரியா இருக்கு."

"மறுபடி பாரு." மறுபடியும் நாலு வார்த்தை. மறுபடியும் கட்டைவிரல்.

அப்புறமும் அவர் நம்பவில்லை. தான் திருடி அயலாரை நம்பாள் என்பார்களே, அதேதான். ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தானே விமானத்தின் பின்னால் நடந்துபோனார். மாப்பிள்ளையை நகரச் சொல்லி, குனிந்து ஒவ்வொரு மடலையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி பார்த்தார். சரியாக இருந்தது. அத்தனை நேரமும் எஞ்சின் மெதுவான ஓட்டத்திலேயே இருந்தது. மூக்கின் அழகு கெடக் கூடாதென்று அவர் அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். அப்படி இருக்கும் எஞ்சினை நெடுநேரம் மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் இறங்கி, எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கை மூழ்கடித்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சத்தம் தடுமாறியது. ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது.

ஸ்டார்ட்டரோடு நான் ஓடினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தோம், மாட்டினோம், சுற்றினோம். அது இருமிக்கொண்டே இருந்தது. நடுவர் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து தணிந்த குரலில், "உங்க நேரம் முடிஞ்சுது சார்" என்றார்.

விமானத்தைத் தூக்கிக்கொண்டு காரின் நிழலுக்கு வந்தோம். அக்கா புலம்ப வாயெடுத்தவள், அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மாப்பிள்ளைதான் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தானேண்ணே இருந்துச்சு? நான் பாத்துட்டுதானே விரலைத் தூக்கினேன். ஏன் நம்பல?"

அத்தான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏன்னா நான் பாத்துட்டும் தூக்கினேன்."

"என்னண்ணே?"

"அன்னைக்கு உன் இறக்கை தப்பாத்தான் ஆடுச்சு. பாத்தேன். பாத்துட்டுதான் வாலை விட்டேன்."

அக்கா "ஐயோ" என்றாள். மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வருமென்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தனை நாளா என் கையைத் திட்டிக்கிட்டு இருக்கேண்ணே. பஸ்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சுப் பாக்குறேன். கண்ணாடியைப் பாக்குறேன். திரும்பவும் மிதிக்கிறேன். பின்னால ஜனங்க கத்துறாங்க. ஒரு திருப்பத்துல திரும்ப பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஏண்ணே?" என்றார்.

அத்தான் சுற்றி வளைக்கவில்லை. "நீ இறக்குற மாதிரி எனக்கு இறக்க வரல. இந்த ஜென்மத்துல வராது. நீ ஒரு தடவையாவது விழுந்து பாக்கணும்னு இருந்துச்சு."

எனக்குத் தெரிந்து, அவர் வாயிலிருந்து மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"இறக்கிட்டு ஒவ்வொரு தடவையும் உங்க முகத்தைத்தாண்ணே பாப்பேன். அண்ணன் ஒரு நாள் 'நல்லா இறக்கினே'ன்னு சொல்ல மாட்டாரான்னுதான் அவ்வளவு பாத்துப் பாத்து இறக்கினேன்."